உணவுதானே என்று நினைத்துக் கொடுத்த கேப்ஸ்யூல்

என் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அவருடைய மாத்திரைகளுக்கு நான்தான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையெல்லாம் முடிந்ததும் பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஏழு நாளுக்கும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பதினான்கு அறைகள். காலைக்கு ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரெல் 75, பிரஷர் மாத்திரை ஒன்று. இரவுக்கு அடார்வாஸ்டாட்டின் 40. போட்டு முடித்து இரண்டாவது தடவை எண்ணிப் பார்த்துத்தான் மூடுவேன்.

நான்காவது மாதம் இரவு அறைகளில் புதிதாக ஒரு கேப்ஸ்யூலும் சேர்ந்தது. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. நானே படித்து, நானே வரவழைத்து, நானே போட்டது. நாட்டோகைனேஸ்.

பயம்தான் காரணம். மாரடைப்பு வந்த அந்த விடியற்காலைக்குப் பிறகு நான் முழு இரவு தூங்கியதே இல்லை. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அவர் மூச்சு சீராக வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். டாக்டர்கள் அவர்கள் வேலையைச் செய்துவிட்டார்கள், என் பங்குக்கு நான் எதுவும் செய்யாமல் இருக்கலாமா என்று ஒரு தவிப்பு. அந்தத் தவிப்போடு கைபேசியில் தேடினேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் இயற்கை நொதி, ஜப்பானியரின் நீண்ட ஆயுள் ரகசியம், பக்கவிளைவே கிடையாது என்று வரிசையாக வந்தது. படித்ததெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையான பாதி இதுதான். நாட்டோ என்பது ஜப்பானியர்கள் காலங்காலமாகச் சாப்பிட்டுவரும் புளிக்கவைத்த சோயா. வேகவைத்த சோயாவில் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையை வளரவிட்டுச் செய்கிறார்கள். 1980-ல் ஹிரோயுகி சுமி என்ற ஜப்பானிய ஆய்வாளர், அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர், ரத்தக்கட்டியைக் கரைக்கும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். ரத்தம் உறையும்போது வலைபோலப் பின்னிக்கொள்ளும் புரதத்துக்கு ஃபைப்ரின் என்று பெயர். செயற்கையாக உண்டாக்கிய ஃபைப்ரின் மேல் கொஞ்சம் நாட்டோவை வைத்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் விட்டார். 18 மணி நேரத்தில் அது கரைந்துவிட்டது. அதைச் செய்த நொதிக்குத்தான் நாட்டோகைனேஸ் என்று பெயர் வைத்தார்கள். 1987-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது.

இதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு உணவு கட்டியைக் கரைக்கிறது. என் கணவரின் ரத்தக்குழாயை அடைத்ததும் ஒரு கட்டிதான். வேறென்ன வேண்டும்? ஆய்வகத் தட்டில் நடந்தது உடம்புக்குள்ளும் நடக்குமா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்று, அதாவது 2,000 எஃப்.யு. (கட்டியைக் கரைக்கும் திறனை இந்த அலகில்தான் அளக்கிறார்கள்.) அப்புறம் யாரோ இரண்டு எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்ததைப் பார்த்து இரண்டாக்கினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தது இல்லை. சோயாவிலிருந்து எடுத்தது, உணவுதானே, இதைப் போய் அவரிடம் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக வந்தது. கதவு நிலையில் லேசாக இடித்த முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கன்றி, ஊதா நிறத்தில் நின்று, ஓரம் மஞ்சளாகிப் பத்து நாள் வரை போகவில்லை. என் தவறிலேயே பெரிய தவறு அப்போது நடந்தது. அதைப் பார்த்து நான் பயப்படவில்லை, நிம்மதியடைந்தேன். ரத்தம் நன்றாக இளகியிருக்கிறது, இனி கட்டி பிடிக்காது என்று நினைத்தேன். எச்சரிக்கையாக வந்ததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் கவனமானவர். இதய டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். இரண்டு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், அழுத்திப் பிடித்தாலே ரத்தம் நின்றுவிடும் என்று பதில் வந்தது. வேறு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டதற்கு நாங்கள் இருவரும் இல்லை என்றோம்.

காலை பதினொரு மணிக்குப் பல் எடுத்தார்கள். மாலை வரை பஞ்சு மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்குத் தலையணை உறையில் உள்ளங்கை அளவு நனைந்திருந்தது. எழுப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் இருந்த குழியில் கருஞ்சிவப்பாக, ஜெல்லி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. துடைத்த அடுத்த நிமிஷம் மறுபடியும் அதே கோடு. அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் நிற்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் இரண்டு தையல் போட்டார். ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தில் நனைத்த பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். கைகழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"வேற ஏதாவது குடுக்கறீங்களாம்மா? மூலிகை, சத்து மாத்திரை, மீன் எண்ணெய், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. "அது உணவுலேருந்து எடுத்ததுதான் டாக்டர்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. "அது வேலை செய்யும்னு நம்பித்தானே குடுத்தீங்க? வேலை செய்யும்னா அதுவும் மருந்துதான்மா" என்றார்.

இந்த ஒரு வரியைத்தான் நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். கட்டியைக் கரைக்கும் அளவுக்குப் பலம் உள்ள ஒன்று, கரையக்கூடாத கட்டியையும் கரைக்கும். அந்தப் பலம் இல்லை என்றால் அதை வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. நன்மைக்கு மட்டும் மருந்து, தீமைக்கு மட்டும் உணவு என்று ஒரே பொருளை இரண்டு கணக்கில் எழுத முடியாது.

அந்த ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ன செய்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஃபைப்ரின் வலை கரைந்துபோகாமல் காப்பதுதான் அதன் வேலை. வலையைக் காக்க ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து, வலையை அறுக்க வீட்டுப் பெட்டியில் ஒரு கேப்ஸ்யூல். இரண்டும் ஒரே நாளில் ஒரே உடம்புக்குள்.

அடுத்த வாரம் இதய டாக்டரிடம் போனபோது அந்தப் பாட்டிலையே கையோடு எடுத்துப் போனேன். பெயரை வாயால் சொல்வதைவிட இது நல்லது. லேபிளைப் பார்த்தால் அளவு, கூட என்னென்ன கலந்திருக்கிறது எல்லாம் அவருக்கே தெரிந்துவிடும். பொறுமையாகப் படித்தார். கேப்ஸ்யூல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தாலே சிலருக்கு இப்படி ஆகலாம் என்றார். ஆனால் இரண்டு இருக்கும் இடத்தில் மூன்றாவதைச் சேர்க்கக் கூடாது, உடனே நிறுத்துங்கள் என்றார். கூடவே அழுத்தமாக ஒன்று சொன்னார். ரத்தம் வந்த பயத்தில் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புது ஸ்டென்டுக்குள் கட்டி பிடித்தால் அது இன்னொரு மாரடைப்பு, முதல் தடவையைவிட மோசமாக இருக்கலாம்.

ஒரு காகிதத்தில் படம் போட்டும் காட்டினார். அதை இப்போதும் வைத்திருக்கிறேன். ரத்தக்குழாயின் உள்சுவரில் காயம் பட்டால் முதலில் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் வந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அப்புறம் அந்தக் குவியலின் மேல் ஃபைப்ரின் வலை பின்னப்படுகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்கள் குவிவதைத் தடுக்கின்றன, ஆளுக்கு ஒரு வழியில். வார்ஃபரின் போன்ற வேறு வகை ரத்தம் இளக்கும் மருந்துகள் வலை பின்னுவதற்கான சரக்கு தயாராவதையே குறைக்கின்றன. நாட்டோகைனேஸ் பின்னி முடித்த வலையை அறுக்கிறது. கட்டி சீக்கிரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பி.ஏ.ஐ-1 என்ற புரதம் ஒன்று நம் உடம்பில் இருக்கிறது. அதையும் இந்த நொதி சிதைப்பதாக ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் வேலை செய்வதால்தான் கூட்டுச் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

தைவான் டாக்டர்கள் 2008-ல் பதிவு செய்த ஒரு நோயாளியின் கதையைப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. பக்கவாதம் திரும்ப வராமல் இருக்க ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருந்தவர். மூளையில் நுண்ணிய ரத்தக்கசிவுகள் இருந்தன. நாளுக்கு 400 மில்லிகிராம் நாட்டோகைனேஸை ஏழு நாள் சேர்த்துக்கொண்டார். சிறுமூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுவிட்டது. நான் கொடுத்தது அதில் பாதி அளவு, மூன்று வாரத்துக்கும் மேலாக.

அப்படியானால் இந்த நொதி உண்மையில் இதயத்துக்கு நல்லதா இல்லையா? பல மாதம் இதைப் பற்றியே படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நொதி என்பது புரதம். வயிற்று அமிலத்தில் அது பெரும்பாலும் செயலிழந்துவிடும். அதனால்தான் சில கேப்ஸ்யூல்களுக்கு வயிற்றில் கரையாத மேலுறை போடுகிறார்கள். கொஞ்சமாவது ரத்தத்தில் போய்ச் சேர்கிறதா என்று சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. 2015-ல் வெளியான ஜப்பானியச் சோதனையில் ஆரோக்கியமான 12 இளைஞர்களுக்கு 2,000 எஃப்.யு. ஒரே ஒரு முறை கொடுத்தார்கள். ஃபைப்ரின் வலை அறுபடும்போது மிஞ்சும் துணுக்கான டி-டைமர், ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் கூடியிருந்தது. மாற்றம் இயல்பான வரம்புக்குள்தான். ஆனாலும் ஏதோ நடக்கிறது.

சரி, அந்த ஏதோ ஒன்று ரத்தக்குழாய் அடைப்பைக் குறைக்கிறதா? இந்தக் கேள்விக்கு நான் அதிகம் மதிக்கும் ஆய்வு தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் செய்து 2021-ல் வெளியிட்டது. இதயநோய் இல்லாத 265 பேர். பாதிப் பேருக்கு நாளுக்கு 2,000 எஃப்.யு., பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. சுமார் மூன்று வருஷம் தொடர்ந்து, கழுத்து ரத்தக்குழாயின் சுவர்த் தடிமனை ஸ்கேனில் அளந்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் சீனாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில் 1,062 பேர். அதில் நாளுக்கு 3,600 எஃப்.யு. எடுத்தவர்களுக்குப் பலன் இல்லை, 10,800 எஃப்.யு. எடுத்தவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய்ப் படிவம் குறைந்தது என்று எழுதினார்கள். விற்பவர்கள் எல்லாரும் காட்டுவது இதைத்தான். ஆனால் அதில் வெற்று மாத்திரைக் குழு கிடையாது. கடையில் ஒரு கேப்ஸ்யூலில் இருப்பது 2,000. அந்த ஆய்வை நம்பி வாங்குகிறவர் அந்த ஆய்விலேயே பலன் தராத அளவைத்தான் சாப்பிடுகிறார், அல்லது பலன் வேண்டும் என்று நாளுக்கு ஐந்து ஆறு கேப்ஸ்யூல் விழுங்குகிறார். ரத்தம் இளக்கும் மருந்தோடு அதைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பிரஷர் விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை தரும் சோதனை உண்டு. 2008-ல் வெளியான கொரிய ஆய்வில் 86 பேர், எட்டு வாரம், 2,000 எஃப்.யு. மேல் அளவு வெற்று மாத்திரைக் குழுவைவிடச் சுமார் 5.5 புள்ளி குறைந்தது, கீழ் அளவு சுமார் 2.8. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒழுங்காகச் செய்தது. எங்கள் வீட்டு நோட்டிலும் அந்த நாட்களில் பிரஷர் குறைந்திருந்தது. 142, 138, 136 என்று இறங்கியதைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். பிற்பாடு அதே நோட்டைப் புரட்டினால், அதே மாதத்தில்தான் காலை நடையை இருபது நிமிஷத்திலிருந்து நாற்பதாக்கியிருக்கிறோம், உப்பையும் பாதியாகக் குறைத்திருக்கிறோம். கேப்ஸ்யூலை நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் 136-ஐ ஒட்டியே நின்றது. நடையும் உப்பும் செய்த வேலைக்கு நான் கேப்ஸ்யூலுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எதை முயன்று பார்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

கேப்ஸ்யூல் வேண்டாம், உணவாகவே சாப்பிட்டால் என்ன என்று அடுத்து எனக்குத் தோன்றியது. இந்தத் தடவை முதலில் டாக்டரிடம் கேட்டேன். வார்ஃபரின் எடுக்காதவர் என்பதால் எப்போதாவது இரண்டு கரண்டி சாப்பிடுவதில் தடையில்லை என்றார். சோயாவை இரவெல்லாம் ஊறவைத்து, இரண்டு விரலால் அமுக்கினால் மசியும் வரை வேகவைத்தேன். நாட்டோ பாக்டீரியாவின் வித்துத் தூளைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, சோயா சூடாக இருக்கும்போதே கலந்தேன். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் அடியில் இருப்பது வளராது. அதனால் அகலத் தட்டில் ஒன்றிரண்டு அடுக்காகப் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடி, 40 டிகிரி சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்தேன்.

மறுநாள் துணியை விலக்கினால் சோயா மேல் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஒரு படலம். கரண்டியால் தூக்கியதும் நூல் நூலாக இழுபட்டு வந்தது. ஒவ்வொரு நூலும் சிலந்தி இழைபோல் மெல்லியது, அறுந்த பிறகும் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. பாலிகுளூட்டாமிக் அமிலம் என்ற பொருளால்தான் அந்தப் பிசுபிசுப்பு. வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை வந்தால் கூடுதல் நேரம் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். பச்சை, கறுப்பு, ரோஜா நிறம் எது தெரிந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். எனக்கு முதல் தட்டு அப்படித்தான் போனது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்த பிறகு சாப்பிட்டால் வாடை கொஞ்சம் அடங்கும். கொதிக்கும் குழம்பில் போடாதீர்கள். 60 டிகிரியைத் தாண்டும்போதே நொதி செயலிழக்கத் தொடங்கிவிடுகிறது.

அவர் நான்கு தடவை சாப்பிட்டார், முகம் சுளிக்காமல். வீட்டில் செய்ததில் எத்தனை எஃப்.யு. இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதை மருந்தாக நினைக்கக் கூடாது. ஆனால் நல்ல உணவு. ஜப்பானில் டகயாமா நகரத்தில் 29,079 பேரை 16 வருஷம் பின்தொடர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டோ அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பவர்கள் சுமார் கால் பங்கு குறைவாக இருந்தார்கள். அப்படிச் சாப்பிடுகிறவர்கள் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாக இருக்கலாம். நாட்டோவே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் ஒரு உணவைப் பற்றி இவ்வளவு நல்லதாக வந்திருப்பது எனக்குச் சந்தோஷம்தான். (சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. ஜப்பானில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு நாட்டோ ஒவ்வாமை வருவதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜெல்லி மீன் கொட்டும்போது அதே பாலிகுளூட்டாமிக் அமிலம் உடம்பில் ஏறுவதுதான் காரணமாம். சாப்பிட்டு அரை நாள் கழித்துக்கூட ஒவ்வாமை வருவதால் எதனால் என்றே முதலில் புரியாது.)

என் அண்ணன் விஷயத்தைத்தான் இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு இதய வால்வு மாற்றி வருஷங்கள் ஆகின்றன. உலோக வால்வு, அதனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின். நான் நாட்டோ செய்வதைக் கேள்விப்பட்டு, "எனக்கும் கொஞ்சம் குடுத்தனுப்பும்மா, கேப்ஸ்யூல்தானே ஆபத்து, இது சாப்பாடுதானே" என்றார். நான் என்ன நினைத்து ஏமாந்தேனோ அதையே அவரும் சொன்னார்.

வார்ஃபரின் எடுப்பவருக்கு நாட்டோவில் இருக்கும் ஆபத்து நேர் எதிர்த் திசையில் வருகிறது. நூறு கிராம் நாட்டோவில் சுமார் 1,000 மைக்ரோகிராம் வைட்டமின் கே2 இருக்கிறது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் தயாரிப்பதற்கு வைட்டமின் கே வேண்டும். அதைத் தடுத்துத்தான் வார்ஃபரின் வேலை செய்கிறது. நாட்டோ சாப்பிட்டால் தடுத்த கதவு திறந்துகொள்ளும். இந்த வகை கே2 உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் ஒரு வேளை சாப்பிட்டதன் விளைவு அன்றோடு போகாது. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கும், வால்வில் கட்டி பிடிக்கலாம். அதனால்தான் ஜப்பானிலேயே வார்ஃபரின் எடுப்பவர்களை நாட்டோ சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். ஆக, ஒரே சோயாவில் ரத்தத்தை இளக்கும் நொதியும் இருக்கிறது, வார்ஃபரினை முறிக்கும் வைட்டமினும் இருக்கிறது. கேப்ஸ்யூல்களில் சிலவற்றில் கே2-வை நீக்கிவிடுகிறார்கள், சிலவற்றில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். லேபிளைப் படிக்காமல் எது என்று தெரியாது.

இதைவிட மோசமானது வார்ஃபரினை விட்டுவிட்டு நாட்டோகைனேஸுக்கு மாறுவது. செயற்கை வால்வு வைத்த ஒருவர் அப்படி மாறி, வால்வில் கட்டி பிடித்து, மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்ததை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "மாத்திரையை விட்டுடலாமான்னு எனக்கும் தோணிச்சு" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். பரிசோதனைக்கு அடிக்கடி ஊசி குத்திக்கொள்வது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்பை நாங்கள் யாரும் அதுவரை காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது ஐ.என்.ஆர். பார்க்கப் போகும் நாளில் நானும் கூடப் போகிறேன்.

கொழுப்புக்கு ஸ்டாட்டின் வேண்டாம், சிவப்பு ஈஸ்ட் அரிசி இயற்கையானது என்று ஒரு தோழி சொன்னார். அதுவும் புளிக்கவைத்த உணவுதான். அதில் உள்ள மோனகோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் வேதியியல்படி ஒன்றே. முதல் ஸ்டாட்டினையே ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்துதான் எடுத்தார். ஆகவே ஒன்று இயற்கை, ஒன்று ரசாயனம் என்ற சண்டைக்கே இடமில்லை. மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும், அரிசியில் தெரியாது. 2024-ல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி கலந்த சத்துப் பொருளைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. தயாரிப்பில் வேறொரு பூஞ்சையின் நச்சு கலந்திருந்தது தெரியவந்தது. என் கணவரின் ஸ்டாட்டினான அடார்வாஸ்டாட்டினை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த நொதியை எடுக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர்களை நான் கோபிக்க மாட்டேன். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிவிட்டு எடுங்கள். ரத்தம் இளக்கும் எந்த மருந்தும் எடுக்காதவராக இருக்க வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு, குடல் புண், கட்டுக்குள் வராத பிரஷர் என்று எதுவும் இருந்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் இதை அனுமதித்தபோதே நாளுக்கு 100 மில்லிகிராம் வரைதான், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கூடாது என்று வரம்பு போட்டிருக்கிறது. லேபிளில் மில்லிகிராம் மட்டும் போட்டு எஃப்.யு. போடாத பாட்டிலை வாங்காதீர்கள். பொதுவாக 100 மில்லிகிராமுக்கு 2,000 எஃப்.யு. இருக்கும். வெறுமனே 'நாட்டோ சாறு 500 மில்லிகிராம்' என்று போட்டிருந்தால் நொதி எவ்வளவு என்று அதிலிருந்து தெரியாது. பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ தேதி குறித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஈறில் ரத்தம், காரணம் தெரியாத கன்றல் என்று வந்தால் அன்றே கேளுங்கள். கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், இதுவரை வராத கடும் தலைவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், கையில் பாட்டிலோடு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாத்திரைப் பெட்டியின் மூடியில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் தொடங்கியது, எதற்காக, யார் எழுதிக் கொடுத்தது. அதன் கடைசி வரியில் 'நாட்டோகைனேஸ், நிறுத்தியாச்சு' என்று நிறுத்திய தேதியோடு இருக்கிறது. அதை அழித்துவிடலாமே என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் முடிந்ததும் குளோபிடோக்ரெலை டாக்டர் நிறுத்திவிட்டார். ஆஸ்பிரின் தொடர்கிறது. போன மாதம் இன்னொரு பல் எடுக்க வேண்டி வந்தது. பல் டாக்டர் கேட்பதற்கு முன்பே அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினார். காலை பதினொரு மணிக்குப் பல் எடுத்தார்கள். இருபது நிமிஷம் பஞ்சைக் கடித்தார். இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியில் அதே கருஞ்சிவப்புக் கட்டி, கெட்டியாக, ஓரத்தில் ஈரமில்லாமல் இருந்தது.

"போதுமா, வாயை மூடிக்கலாமா?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.